லேசர் அகலம் எங்கே நுழைகிறது? இரு நிலை அணுவைக் கணினியில் இயக்கிப் பார்க்க ஓர் அறிமுகம்

இரண்டே ஆற்றல் நிலைகள் கொண்ட ஓர் அணு, அதன் மேல் விழும் ஒரு லேசர் கற்றை. குவாண்டம் ஒளியியலுக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கணினியில் இயக்கிப் பார்ப்பது இதைத்தான். மூன்று வகைக்கெழுச் சமன்பாடுகள், முப்பது வரி நிரல், ஒரு வரைபடம். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் கேள்வி வருகிறது: லேசருக்கும் ஓர் அதிர்வெண் அகலம் இருக்கிறதே, அதை நிரலில் எங்கே சேர்ப்பது? அணுவின் சிதைவு வீதத்தோடு கூட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கூட்டினால் வரைபடம் பார்க்க நன்றாகவே வரும். ஆனால் விடை நூறு மடங்குக்கு மேல் பிசகியிருக்கக்கூடும். அந்த அகலம் எந்தச் சமன்பாட்டில், எந்த அளவில், எந்த நிபந்தனையோடு சேர வேண்டும் என்பதை இரண்டு உண்மையான அணுக்களை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது ருபீடியம்-87. அதன் டி2 கோடு, அதாவது அணு உறிஞ்சி உமிழும் ஒளி நிறங்களில் ஒன்று, 780.24 நானோமீட்டரில் இருக்கிறது. லேசர் குளிர்விப்பு ஆய்வகங்களில் மிகவும் பழகிய கோடு. கிளர்வு நிலையின் ஆயுள் 26.2 நானோநொடி, இயல்பு அகலம் 6.07 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது ஸ்ட்ரான்சியம்-88. அதன் 689 நானோமீட்டர் சிவப்புக் கோட்டின் இயல்பு அகலம் வெறும் 7.5 கிலோஹெர்ட்ஸ், ஆயுள் சுமார் 21 மைக்ரோநொடி. இரண்டுக்கும் இடையே அகலத்தில் 800 மடங்கு வேறுபாடு. ஒரே லேசரை இரண்டின் மேலும் செலுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்தால் லேசர் அகலத்தின் குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

ருபீடியத்துக்கு உண்மையில் இரண்டு நிலைகள் மட்டும் இல்லை; நுண்பிளவு நிலைகள் பல உண்டு. அவற்றின் தொகுதிகளை எஃப் என்ற எண்ணால் குறிப்பார்கள். வட்டமுனைவுற்ற ஒளியைக் கொண்டு அணுவை எஃப் = 2 தொகுதியின் கடைசித் துணைநிலைக்குத் தள்ளிவிட்டால், அங்கிருந்து அது எஃப் = 3 கிளர்வு நிலையின் கடைசித் துணைநிலைக்கு மட்டுமே ஏற முடியும், திரும்பி அதே இடத்துக்கே இறங்க முடியும். அந்த மூடிய சுற்றைத்தான் இரு நிலை அமைப்பு என்கிறோம். பக்கத்துக் கிளர்வு நிலை சுமார் 267 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. லேசர் அணுவை மேலும் கீழும் ஆட்டும் வேகமான ராபி அதிர்வெண் அதை நெருங்கும் அளவுக்கு லேசரின் திறனைக் கூட்டினால் இரு நிலைப் படம் உடையத் தொடங்கும்.

இரண்டு அகலங்கள், இரண்டு வேலைகள்

இயல்பு அகலம் அணுவுக்குச் சொந்தமானது. கிளர்வு நிலையில் இருக்கும் அணு தன்னிச்சையாக ஒளியை உமிழ்ந்து அடிநிலைக்கு இறங்குகிறது. அந்த வீதத்தைக் காமா என்போம். ஆயுள் 26.2 நானோநொடி என்றால் காமா அதன் தலைகீழ், நொடிக்கு 3.81 கோடி. இயல்பு அகலத்தை 2பை-யால் பெருக்கினாலும் இதே எண்தான் வரும்.

லேசர் அகலம் வேறு சங்கதி. லேசரின் அலை ஒரே சீராக ஓடாமல் அதன் கட்டம் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) அங்குமிங்கும் சிறு சிறு அடிகளாக நழுவிக்கொண்டே இருக்கிறது. லேசருக்குள் நடக்கும் தன்னிச்சை உமிழ்வாலேயே இப்படி ஓர் அகலம் தவிர்க்க முடியாதது என்று ஷாலோவும் டவுன்ஸும் 1958-லேயே காட்டினார்கள். நடைமுறையில் மின்னோட்ட இரைச்சல், அதிர்வு, வெப்பநிலை எல்லாம் சேர்ந்து அதை இன்னும் பெரிதாக்குகின்றன.

லேசரின் கட்டம் நழுவினால் அணுவில் எது கெடும்? கச்சேரியில் மிருதங்கத்தின் காலப்பிரமாணம் நழுவினால் பாட்டுக்கும் தாளத்துக்கும் உள்ள ஒட்டு அறுந்துபோகும். ஆனால் பாடகர் மேடையை விட்டு இறங்கிப் போய்விட மாட்டார். அணுவிலும் அப்படித்தான். அடிநிலைக்கும் கிளர்வு நிலைக்கும் இடையே உள்ள கட்ட உறவு, அதாவது ஓரியல்பு, கலைகிறது. கிளர்வு நிலையில் இருக்கும் அணு லேசர் இரைச்சலால் சீக்கிரம் கீழே விழுந்துவிடுவதில்லை. லேசரை அணைத்துவிட்டால் அணு தன் ஆயுளுக்கு ஏற்றபடியே ஒளிரும். அணைந்த லேசரின் அகலம் அதை எப்படித் தொட முடியும்?

எனவே நிரலில் இரண்டு தனித்தனி வீதங்கள் வேண்டும். கிளர்வு நிலையைக் காலி செய்யும் வீதம் காமா. அதில் லேசருக்குப் பங்கில்லை. ஓரியல்பைக் கலைக்கும் வீதத்தைக் 'கலைவு' என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

காமா = 2பை × இயல்பு அகலம்

கலைவு = பை × (இயல்பு அகலம் + லேசர் அகலம்)

இரண்டு அகலங்களும் ஹெர்ட்ஸில், பாதி உயரத்தில் அளந்த முழு அகலமாக இருக்க வேண்டும். சில நூல்கள் அரை அகலத்தைத் தரும். சில கட்டுரைகள் 2பை-யை உள்ளே வைத்தே எழுதும். எண்ணை எடுக்கும் முன் எது என்று பார்த்துவிடுங்கள். கலைவில் 2பை இல்லாமல் பை மட்டும் இருப்பது அச்சுப் பிழை இல்லை. தன்னிச்சை உமிழ்வு கிளர்வு நிலையின் நிகழ்தகவைக் காமா வீதத்தில் குறைக்கிறது. நிகழ்தகவு வீச்சின் வர்க்கம் என்பதால் வீச்சு பாதி வீதத்தில்தான் குறையும், ஓரியல்பும் அந்தப் பாதி வீதத்திலேயே கலையும். லேசர் பக்கத்திலும் இதே பாதி வருவதன் காரணத்தை, பின்னால் லேசரின் கட்டத்தை நிரலில் குலுக்கும்போது பார்க்கலாம்.

மூன்று சமன்பாடுகள்

அணுவின் நிலையை மூன்று எண்களால் சொல்லிவிடலாம். லேசரின் கட்டத்தோடு ஒத்து நிற்கும் ஓரியல்புக் கூறு 'அ'. அதற்கு 90 பாகை விலகி நிற்கும் கூறு 'ஆ'. கிளர்வு நிலையின் நிகழ்தகவிலிருந்து அடிநிலையின் நிகழ்தகவைக் கழித்தால் வருவது 'இ'. அணு முழுக்க அடிநிலையில் இருந்தால் இ = −1, முழுக்க மேலே இருந்தால் +1. ஃபீலிக்ஸ் பிளாக் 1946-ல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக எழுதிய சமன்பாடுகளின் ஒளியியல் வடிவம் இது:

அ மாறும் வீதம் = டெல்டா × ஆ − கலைவு × அ

ஆ மாறும் வீதம் = −டெல்டா × அ − ஒமேகா × இ − கலைவு × ஆ

இ மாறும் வீதம் = ஒமேகா × ஆ − காமா × (இ + 1)

ஒமேகா என்பது ராபி அதிர்வெண், லேசர் அணுவை எவ்வளவு வேகமாக மேலும் கீழும் ஆட்டுகிறது என்பதன் அளவு. டெல்டா என்பது லேசர் அதிர்வெண் அணுவின் அதிர்வெண்ணிலிருந்து விலகியிருக்கும் தொலைவு. இரண்டும் நொடிக்கு ரேடியனில். கலைவு முதல் இரண்டு வரிகளில் மட்டும் வருவதையும் காமா மூன்றாவது வரியில் மட்டும் வருவதையும் கவனியுங்கள். லேசர் அகலம் மூன்றாவது வரிக்குள் நுழையக் கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

இந்தச் சமன்பாடுகள் லேசரோடு சேர்ந்து சுழலும் சட்டகத்தில், சுழலும் அலைத் தோராயத்தோடு எழுதப்பட்டவை; ஒளியலையின் அதிவேக ஆட்டத்தை விட்டுவிட்டு மெதுவான மாற்றத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் அந்தத் தோராயம். அந்தத் தோராயம் இல்லாமல் நேரடியாக இயக்கினால் 384 டெராஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வொரு சுற்றையும் கணினி பின்தொடர வேண்டும், சுற்றுக்கு 2.6 ஃபெம்டோநொடி. ஒரு மைக்ரோநொடியை 0.1 ஃபெம்டோநொடிப் படிகளில் கடக்க ஆயிரம் கோடி படிகள் ஆகும். தோராயத்தோடு அதே மைக்ரோநொடிக்கு ஆயிரம் படி போதும். ராபி அதிர்வெண்ணும் விலகலும் ஒளியின் அதிர்வெண்ணைவிட மிகமிகச் சிறியவையாக இருக்கும்வரை இழப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஒமேகாவை எங்கிருந்து எடுப்பது? லேசரின் திறனிலிருந்துதான். ருபீடியத்தின் மேற்சொன்ன மூடிய சுற்றுக்கு நிறைவுச் செறிவு, அதாவது அணு நிறைவடையத் தொடங்கும் ஒளிச்செறிவு, சதுர சென்டிமீட்டருக்கு 1.67 மில்லிவாட். உங்கள் செறிவை அதனால் வகுத்து வரும் எண்ணின் பாதிக்கு வர்க்கமூலம் எடுத்துக் காமாவால் பெருக்கினால் ஒமேகா கிடைக்கும். 1 மில்லிவாட் திறன், 1 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட காஸியக் கற்றையை எடுத்துக்கொண்டால் அதன் நடுவில் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 63.7 மில்லிவாட். (திறனைப் பரப்பால் வகுத்து, பிறகு இரண்டால் பெருக்க வேண்டும், காஸிய வடிவத்தின் உச்சிக்கு உரிய இந்த இரண்டு அடிக்கடி விடுபட்டுப்போகிறது.) நிறைவுச் செறிவைப் போல 38 மடங்கு, எனவே ஒமேகா காமாவைப் போல 4.37 மடங்கு, அதாவது 2பை × 26.5 மெகாஹெர்ட்ஸ்.

ஒரே லேசர், இரண்டு அணுக்கள்

நீண்ட நேரம் இயக்கினால் மூன்று எண்களும் ஒரு நிலையான மதிப்பில் போய் நிற்கும். மூன்று வீதங்களையும் சுழியமாக்கித் தீர்த்தால் கையாலேயே விடை வரும். முதலில் ஒரு நிறைவு எண்:

நிறைவு எண் = ஒமேகா² × கலைவு ÷ (காமா × (கலைவு² + டெல்டா²))

மேல்நிலை நிகழ்தகவு = நிறைவு எண் ÷ (2 × (1 + நிறைவு எண்))

லேசரை அணுவின் இரு பக்கமும் நகர்த்தி வரையும் கோட்டின் முழு அகலம், ஹெர்ட்ஸில், (கலைவு ÷ பை) × √(1 + டெல்டா சுழியத்தில் நிறைவு எண்). மங்கலான லேசருக்கு வர்க்கமூலம் ஒன்றாகிவிடும். அப்போது அகலம் இயல்பு அகலமும் லேசர் அகலமும் சேர்ந்த எளிய கூட்டுத்தொகை. லோரென்ஸ் வடிவக் கோடுகள் இப்படித்தான் கூடும்; வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுப்பது காஸிய வடிவங்களுக்கு உரிய வழி.

இப்போது 1 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்ட லேசரை எடுத்துக்கொள்வோம். இரண்டு அணுக்களுக்கும் ஒமேகா = காமா என்றும் டெல்டா சுழியம் என்றும் வைப்போம். அகலமே இல்லாத லேசர் என்றால் இரண்டிலும் மேல்நிலை நிகழ்தகவு மூன்றில் ஒன்று, 0.333.

ருபீடியத்தில் 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைச் சேர்த்ததும் அது 0.316 ஆகிறது. கோட்டின் அகலம் 10.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 11.65 ஆகிறது. பெரிய பாதிப்பு இல்லை. ஸ்ட்ரான்சியத்தில் அதே லேசர் நிகழ்தகவை 0.333-லிருந்து 0.0073-க்குத் தள்ளிவிடுகிறது, கோட்டின் அகலமோ அணுவின் 7.5 கிலோஹெர்ட்ஸைப் பற்றி எதையுமே சொல்லாமல் லேசரின் அகலத்தையே, சுமார் 1.015 மெகாஹெர்ட்ஸ், திருப்பிக் காட்டுகிறது. ஆகவே 'நல்ல லேசர்' என்பதற்குத் தனியாகப் பொருள் கிடையாது. லேசர் அகலத்தை எப்போதும் அணுவின் இயல்பு அகலத்துக்குப் பக்கத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

லேசர் அகலத்தைக் காமாவோடு கூட்டியிருந்தால்? ஸ்ட்ரான்சியத்துக்கு 0.0073-க்குப் பதில் 0.000055 வந்திருக்கும். 130 மடங்குக்கு மேல் பிழை. ருபீடியத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது: 0.316 வர வேண்டிய இடத்தில் 0.298 வரும், ஏதோ கணக்கீட்டுச் சிறு பிழை என்று நகர்ந்துவிடலாம். அதனால்தான் இந்த வகை நிரலை ஒரு குறுகிய கோட்டின் மேல் ஒரு முறையாவது சோதித்துவிட வேண்டும் என்கிறோம்.

ராபி அலைவிலும் இதே கதை. டெல்டா சுழியமாக இருக்கும்போது, ஒமேகா (கலைவு − காமா) என்பதன் பாதியைவிடப் பெரியதாக இருந்தால்தான் நிகழ்தகவு ஏறி இறங்கி ஆடும். (கழித்தல் எதிர்ம எண்ணாக வந்தால் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுங்கள்.) அலைவு தேயும் வீதம் (கலைவு + காமா) என்பதன் பாதி. ஸ்ட்ரான்சியத்தில் 1 மெகாஹெர்ட்ஸ் லேசருக்கு இந்த வாசல் 2பை × 248 கிலோஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அலைவு கிடையாது. நிகழ்தகவு மெல்ல ஏறி நின்றுவிடும். வாசலுக்கு வெகு கீழே இருந்தால் ஓரியல்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒமேகா² ÷ (2 × கலைவு) என்ற ஏற்ற வீதம், அதே அளவு இறக்க வீதம், கூடவே காமா என்று ஒரே ஒரு வீதச் சமன்பாட்டை எழுதினாலும் விடை மாறாது. அலைவைக் காணோம் என்று நிரலில் பிழை தேடும் முன் இந்த வாசலைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நிரலை ஓட்டும்போது

தொடக்க நிலை அ = 0, ஆ = 0, இ = −1. சமன்பாடுகளைச் சிறு காலப் படிகளில் நகர்த்த நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறை தாராளமாகப் போதும். ஒமேகா, டெல்டா, காமா, கலைவு ஆகியவற்றில் மிகப் பெரியதை எடுத்து, அதன் தலைகீழில் பத்தில் ஒரு பங்கைக் காலப் படியாக வையுங்கள். கோட்டு வடிவம் வேண்டுமென்றால் ஒவ்வொரு டெல்டாவுக்கும் புதிதாகத் தொடங்கி, ஆயுளைப் போலப் பத்து மடங்கு நேரமாவது ஓடவிட்டுக் கடைசி மதிப்பை எடுக்க வேண்டும்: ருபீடியத்துக்கு சுமார் 260 நானோநொடி, ஸ்ட்ரான்சியத்துக்கு 210 மைக்ரோநொடி.

எளிமைக்காக ஆய்லர் முறையை (படியின் தொடக்கத்து வீதத்தையே படி முழுவதும் வைத்துக்கொள்ளும் முறையை) எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் அதன் பிழை அகலத்தைப் போலவே வேடம் போடுகிறது. மேலே கணக்கிட்ட 2பை × 26.5 மெகாஹெர்ட்ஸ் ராபி அதிர்வெண்ணையும் அகலமற்ற லேசரையும் 1 நானோநொடிப் படியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தேய்வு படிக்கு 2.9 சதவீதம், அலைவின் வீச்சு 35 நானோநொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக வேண்டும். ஆய்லர் முறையோ ஒவ்வொரு சுழற்சிப் படியிலும் அ, ஆ, இ சேர்ந்த திசையனை 1.4 சதவீதம் நீட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து படிக்கு 1.5 சதவீதத் தேய்வு மட்டுமே திரையில் தெரியும். தேய்வு நேரம் 68 நானோநொடி என்று காட்டும். வரைபடம் வழவழப்பாக, நம்பும்படி இருக்கும். அதைப் பார்த்து அணுவின் அகலம் பாதி என்று எழுதிவிடலாம். காலப் படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால் வேடம் கலைந்துவிடும்.

உண்மையான கேள்விக்குள் போகும் முன் மூன்று சோதனைகளை ஓட்டிவிடுங்கள். ஒமேகாவைச் சுழியமாக்கி, இ = +1-லிருந்து தொடங்கினால் ருபீடியத்தின் மேல்நிலை நிகழ்தகவு 26.2 நானோநொடியில் 0.368 ஆக வேண்டும். அது 165 நானோநொடி எடுத்துக்கொண்டால் எங்கோ 2பை விடுபட்டிருக்கிறது. இந்த நிரல்களில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான், எண்ணைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுவிடலாம். அடுத்து, காமாவையும் கலைவையும் சுழியமாக்கினால் ஒமேகா × நேரம் = பை ஆகும் கணத்தில் அணு முழுக்க மேலே இருக்க வேண்டும். மூன்றாவதாக, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும்போது அ² + ஆ² + இ² ஒன்றைத் தாண்டவே கூடாது. நிலையான மதிப்பில் மேல்நிலை நிகழ்தகவு 0.5-ஐத் தாண்டக் கூடாது.

க்யூடிப் (QuTiP) போன்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு சிதைவுச் செயலிகளைத் தர வேண்டும். ஒன்று, இறக்கும் செயலியை √காமாவால் பெருக்கியது. மற்றொன்று, கிளர்வு நிலையின் வீழ்த்தியை (அந்த நிலையை மட்டும் பிரித்தெடுக்கும் அணியை) √(2பை × லேசர் அகலம்) என்பதால் பெருக்கியது. வீழ்த்திக்குப் பதிலாகப் பவுலியின் மூன்றாம் அணியை வைத்தால் அதே வர்க்கமூலத்தை இரண்டால் வகுக்க வேண்டும். வகுக்காமல் விட்டால் லேசர் அகலம் நான்கு மடங்காகத் தெரியும். க்யூடிப்பின் இறக்கும் செயலி 0 என்று எண்ணிட்ட நிலையை 1 என்று எண்ணிட்ட நிலைக்குக் கொண்டுபோகிறது. அதாவது அதன் கணக்கில் 0-தான் மேல்நிலை. 0-ஐ அடிநிலை என்று வைத்துக்கொண்டு எழுதினால் அணு தானாக மேலே ஏறிப்போகும்.

இரைச்சலை நேரடியாகப் போட்டுப் பார்த்தல்

கலைவு வீதம் ஒரு சராசரிக் கணக்கு. ஒரே ஓட்டத்தில் அணு என்ன செய்கிறது என்பதை அது காட்டாது. லேசரின் கட்டத்தையே நிரலுக்குள் குலுக்கிவிட்டால் அதையும் பார்க்கலாம். கலைவு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதுதான் மனதில் பதியும்.

ஒவ்வொரு காலப் படியிலும் லேசரின் கட்டத்தோடு ஒரு காஸியத் தற்செயல் எண்ணைக் கூட்டுங்கள். அதன் மாறுபாடு 2பை × லேசர் அகலம் × காலப் படி. 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் 1 நானோநொடிப் படிக்கும் மாறுபாடு 0.00628, திட்ட விலக்கம் 0.079 ரேடியன். இப்படி நடக்கும் கட்டத்தின் கோசைனைச் சராசரி எடுத்தால் மாறுபாட்டின் பாதி அடுக்கில் தேயும். கலைவில் லேசர் அகலத்துக்கு முன்னால் 2பை இல்லாமல் பை வந்தது இந்தப் பாதியால்தான்.

கட்டம் ஃபை என்றால் சமன்பாடுகளில் ஒமேகா இரண்டாகப் பிரியும். அ-வின் வரியில் ஒமேகா × சைன் ஃபை × இ கூடும். ஆ-வின் வரியில் ஒமேகாவுக்குப் பதில் ஒமேகா × கோசைன் ஃபை வரும். இ-யின் வரியில் ஒமேகா × (கோசைன் ஃபை × ஆ − சைன் ஃபை × அ). கலைவில் இயல்பு அகலத்தின் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு லேசர் அகலத்தின் பங்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே இரைச்சலை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஒரு படிக்குள் கட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால் ருங்கே-குட்டா முறையையே பயன்படுத்தலாம்.

தனி ஓட்டம் ஒன்றை மட்டும் வரைந்தால் இ-யின் ஆட்டம் ஒழுங்கற்று ஏறி இறங்கும், நிலையான மதிப்பில் நிற்கவே நிற்காது. நானூறு ஓட்டங்களின் சராசரியை எடுங்கள். சிதறல் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கி, கலைவுச் சமன்பாட்டின் வளைகோடு உருவெடுப்பதைக் காணலாம்.

பொருந்தவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. கட்டத்தின் திட்ட விலக்கம் காலப் படியின் வர்க்கமூலத்தைப் பொறுத்து இருக்க வேண்டும். தவறுதலாகக் காலப் படிக்கே நேர்விகிதமாக எழுதிவிட்டால், படியைக் குறைக்கக் குறைக்க லேசர் குறுகிக்கொண்டே போவதாகத் தெரியும். இரண்டாவது இன்னும் நுட்பமானது: இ-யை அப்படியே சராசரி எடுக்கலாம், அ-வையும் ஆ-வையும் எடுக்கக் கூடாது. சராசரிச் சமன்பாட்டில் வரும் அ, அந்தந்தக் கணத்து லேசர் கட்டத்தோடு ஒப்பிட்ட கூறு. எனவே ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் கோசைன் ஃபை × அ + சைன் ஃபை × ஆ என்றும், கோசைன் ஃபை × ஆ − சைன் ஃபை × அ என்றும் திருப்பிவிட்டுப் பிறகு சராசரி எடுங்கள்.

வெள்ளை இரைச்சல் அல்லாதபோது

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: லேசரின் அதிர்வெண் இரைச்சல் எல்லா வேகங்களிலும் ஒரே அளவு, அதாவது வெள்ளை இரைச்சல். அப்படி இருந்தால் சராசரி நிகழ்தகவுக்குக் கலைவுச் சமன்பாடு தோராயம் இல்லை, மிகச் சரியான விடை. ஆய்வகத்து லேசர்கள் முழுக்க அப்படி இருப்பதில்லை.

மெதுவான இரைச்சலை முதலில் பாருங்கள். வெப்பநிலையாலும் ஒலியாலும் லேசர் அதிர்வெண் மில்லிநொடிக் கணக்கில் நகர்கிறது. பரிசோதனைத் துடிப்போ மைக்ரோநொடியில் முடிந்துவிடுகிறது. ஒரு துடிப்புக்குள் லேசர் அசையவே இல்லை, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் டெல்டா வேறு. இதைக் கலைவில் சேர்ப்பது தவறு. டெல்டாவுக்குக் காஸியப் பரவலில் பல மதிப்புகள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓட்டி, எடையிட்டுச் சராசரி எடுங்கள். வெப்ப வாயுவில் டாப்ளர் விளைவுக்கும் இதே வழிதான். அறை வெப்பநிலையில் ருபீடியத்தின் டாப்ளர் அகலம் 500 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அதை 6 மெகாஹெர்ட்ஸ் கோட்டின் மேல் சராசரி எடுக்கும்போது டெல்டாவின் இடைவெளி கோட்டின் அகலத்தை எட்டினால் வரைபடத்தில் சீப்புப் பற்கள் போலப் பொய் உச்சிகள் முளைக்கும்.

இரைச்சல் நிறமாலை கையில் இருந்தால், எது அகலத்தைத் தீர்மானிக்கிறது, எது ஓரங்களை மட்டும் தொடுகிறது என்று பிரிக்க ஒரு கோடு உண்டு. 2010-ல் வெளியான பீட்டா பிரிகோடு. இரைச்சல் அடர்த்தி, ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் வர்க்கத்தில், 0.56 × இரைச்சலின் அதிர்வெண் என்ற கோட்டுக்கு மேலே இருக்கும் பகுதி மட்டுமே லேசர் அகலத்துக்குப் பங்களிக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பதால் அகலம் கூடாது.

ஆனால் அணுவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லேசரின் அதிர்வெண்ணை ஓர் ஒளிக் குழிவோடு (இரு ஆடிகளுக்கு இடைப்பட்ட ஒத்ததிர்வுப் பெட்டியோடு) பூட்டும் பின்னூட்டச் சுற்று, தன் வேக எல்லையில் இரைச்சலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுகிறது. சில நூறு கிலோஹெர்ட்ஸிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வரை எங்காவது ஒரு மேடு நிற்கும். லேசர் அகலம் 1 கிலோஹெர்ட்ஸ் என்று அளவி காட்டும்போதும் அந்த மேடு அங்கேயே இருக்கும். ராபி அதிர்வெண் அந்த மேட்டின் மேல் போய் உட்கார்ந்தால் அலைவு எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேயும். ஒமேகாவைக் கூட்டியோ குறைத்தோ மேட்டைத் தாண்டினால் மறுபடி சரியாகிவிடும். ஒற்றை எண்ணாக அகலத்தைப் போட்ட நிரலில் இது ஒருபோதும் தெரியாது.

இதற்கு அளந்த நிறமாலையிலிருந்தே இரைச்சலைக் கட்ட வேண்டும். இரைச்சல் அதிர்வெண் அச்சைச் சம இடைவெளிகளாக வெட்டுங்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் √(2 × அடர்த்தி × இடைவெளி) உயரம் கொண்ட ஒரு கோசைன் அலை, அதற்கு 0-விலிருந்து 2பை வரை தற்செயலாக ஒரு தொடக்கக் கட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் லேசர் அதிர்வெண்ணின் நகர்வு ஹெர்ட்ஸில் கிடைக்கும். அதை நேரத்தோடு தொகையிட்டு 2பை-யால் பெருக்கினால் ஃபை. இடைவெளியின் தலைகீழ் நேரத்துக்குப் பிறகு இந்த இரைச்சல் தன்னையே திரும்ப ஓட்டும், ஆகவே துடிப்பின் நீளம் அதைத் தாண்டக் கூடாது. கட்டியது சரிதானா என்று அறிய, எல்லா அதிர்வெண்ணிலும் 3,18,310 என்ற ஒரே அடர்த்தியைப் போட்டு ஓட்டுங்கள். பையால் பெருக்கினால் அது 1 மெகாஹெர்ட்ஸ் அகலம்; ஒமேகா = காமா என்று வைத்த ருபீடியத்தில் சராசரி மேல்நிலை நிகழ்தகவு 0.316-ல் வந்து நிற்க வேண்டும்.